எவ்வளவு என்று கேட்டால் வளரும் தூண்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, மலைகள் எல்லாம் இன்னும் நிற்கப் பழகிக்கொண்டிருந்த காலத்திலே, நிழற்கோட்டை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ராஜ்யத்துச் சந்தைத் திடலில் வடிவு என்று ஒருத்தி இட்லி விற்றாள். பக்கத்திலேயே அவள் புருஷன் சங்கிலி மூங்கில் ஏணி கட்டி விற்றான். இவர்களுக்கு ஒரே மகள், பேச்சி. பேருக்கு ஏற்ற பிள்ளை. தூங்குகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் கேள்விதான்.

வடிவின் இட்லியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கல்யாண வீட்டுக்கு அண்டா நிறைய மாவு ஆட்டினாலும் சரி, காய்ச்சல்காரருக்குக் கிண்ணம் நிறைய ஆட்டினாலும் சரி, ருசி ஒன்றுதான். எப்படி என்று கேட்டால், "நாலுக்கு ஒண்ணு" என்பாள். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. பங்கு சின்னதாக இருக்கலாம், பெரியதாக இருக்கலாம். நாலுக்கு ஒண்ணு மட்டும் மாறாது.

சங்கிலிக்கும் ஒரு பேச்சு உண்டு. "அளவைச் சொல்லுங்க, ஏணி தயார்." இதைச் சொல்லும்போது அவன் மீசை தானாக முறுக்கிக்கொள்ளும்.

ஒரு நாள் சந்தைக்கு முக்கோணன் என்ற மந்திரவாதி வந்தான். தலையில் மூன்று மூலை வைத்த தொப்பி. மூலைக்கு ஒன்றாக மூன்று மைனாக்கள், இளைத்துப் போய், சிறகு கலைந்து உட்கார்ந்திருந்தன. வந்தவன் நேராக இட்லிப் பானைக்கு முன்னால் போய்த் தட்டை நீட்டினான்.

"தொப்பிக்காரரே, பின்னாலே நிக்கிறவங்க எல்லாம் காலையிலேர்ந்து நிக்கிறாங்க. வரிசையில வாங்க" என்றாள் வடிவு.

"நான் யார் தெரியுமா?"

"பசிச்சவர்னு தெரியுது. வரிசை அந்தப் பக்கம்."

கூட்டம் சிரித்தது. முக்கோணனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் வடிவு அந்த மைனாக்களைப் பார்த்துவிட்டாள். ஒரு இட்லியைப் பிட்டு மூன்றுக்கும் போட்டாள். "இதுகளுக்கு வரிசை கிடையாது. பாவம், எலும்பும் தோலுமா இருக்கு" என்றாள். மைனாக்கள் அவளை ஒரு தினுசாகப் பார்த்தன.

முக்கோணன் கோபத்தை விழுங்கிக்கொண்டு திரும்பினான். அவன் கண் ஏணிக் கடையில் விழுந்தது.

"ஏணிக்காரா, உன் ஏணி எவ்வளவு உயரம் எட்டும்?"

"எவ்வளவு உயரமா இருந்தாலும் எட்டும். அளவைச் சொல்லுங்க, ஏணி தயார்" என்றான் சங்கிலி. மீசை முறுக்கிக்கொண்டது.

"அளவே சொல்ல முடியாத உயரமாக இருந்தால்?"

"அப்படி ஒரு உயரம் உலகத்துலயே கிடையாதுங்க."

வடிவு கரண்டியோடு திரும்பி, "மாமா, சும்மா இருங்க" என்றாள். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. முக்கோணன் சங்கிலியின் காலடியில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, "எவ்வளவு, எவ்வளவு, எவ்வளவு" என்று மூன்று முறை சொன்னான். கல் தூணாக முளைத்தது. சங்கிலியைத் தன் உச்சியில் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மேலே போனது. பனைமரத்தைத் தாண்டி, கோபுரத்தைத் தாண்டிப் போய் நின்றது. மேலே சங்கிலி ஒரு கொசு மாதிரி தெரிந்தான்.

முக்கோணன் தன் கைக்கோலால் தூணைச் சுற்றித் தள்ளி ஒரு வட்டக் கோடு போட்டான்.

"கேட்டுக்கோ பெண்ணே. ஏணியின் அடி இந்தக் கோட்டில் இருக்க வேண்டும். ஏணியின் நுனி தூணின் உச்சி விளிம்பை முத்தமிட வேண்டும், ஒரு விரல் குறையவும் கூடாது, ஒரு விரல் மிஞ்சவும் கூடாது. ஒரே ஒரு ஏணி, ஒரே ஒரு தடவை. திருவிழாத் தேர் ஊரைச் சுற்றி நிலைக்கு வருவதற்குள் முடித்தால் உன் புருஷன் உனக்கு. இல்லாவிட்டால் அவன் தூணோடு தூணாகக் கல்."

"அளவு தெரியாம எப்படிய்யா கட்டறது?"

"கேட்டுப் பாரேன்" என்று சிரித்துக்கொண்டே போய் வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டான்.

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் சீக்கிரமே புரிந்துவிட்டது. செய்தி கேட்டு ராஜா வந்தார். நல்ல மனுஷர். அரண்மனைத் தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்த தன் மூன்று பெண்களும் ஒரு நாள் மாயமாய்ப் போனதிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வந்தவர் தூணை அண்ணாந்து பார்த்து மந்திரியிடம், "உயரம் எவ்வளவு இருக்கும்?" என்றார். அவ்வளவுதான், தூண் குலுங்கியது. ஒரு பனை உயரம் ஜிவ்வென்று வளர்ந்தது.

மந்திரி பட்டத்தில் நூல் கட்டி விட்டார். பட்டம் உச்சியைத் தொட்டது. "நூல் எவ்வளவு போச்சு?" என்றார். தூண் வளர்ந்தது.

வில்லாளி ஒருவன் அம்பில் கயிறு கட்டி எய்தான். "எவ்வளவு" என்று சொல்லக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவன் ஜாக்கிரதையாக, "கயிறு எம்புட்டு?" என்று கேட்டான். தூணுக்கு எல்லாப் பேச்சும் தெரிந்திருந்தது. வளர்ந்தது.

தூண் வளர வளர, கோடும் பின்னால் நகர்ந்தது. முதலில் பூக்கடையைத் தாண்டியது. அப்புறம் வளையல் கடையைத் தாண்டியது. கத்தரிக்காய் விற்ற சிவனணைஞ்சாள் கூடையைத் தூக்கிக்கொண்டு, "ஏ வடிவு, உன் வீட்டுக்காரர் வாயால நான் இன்னும் எத்தனை தடவை கடை மாத்தணும்?" என்று கேட்டாள். 'எத்தனை தடவை' தூணின் உயரத்தைப் பற்றியது இல்லை என்பதால் தூண் பேசாமல் இருந்தது.

ராஜா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டார். தேரோட்டம் தொடங்கி மேளச் சத்தம் கிழக்கு வீதியில் கேட்டது. வடிவு கோட்டுக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்தாள். பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. அப்படியே கோட்டில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு பார்த்தாள்.

இட்லி வாசனைக்கு மூன்று மைனாக்களும் பறந்து வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தன. "வாங்கடியம்மா, நீங்களாவது சாப்பிடுங்க" என்று மடியில் இருந்ததைப் பிட்டுப் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் மைனாக்கள் பாட ஆரம்பித்தன.

மூத்தவள் சைனம்மா. அவள் ஒரு கண்ணால் தூணைப் பார்த்தாள், மறு கண்ணால் சாயப்போகிற ஏணியைப் பார்த்தாள்.

"ஏணி அஞ்சுன்னா தூண் நாலு" என்று பாடினாள்.

நடுவில் உள்ளவள் கோசைனம்மா. அவள் ஒரு கண்ணால் தரையைப் பார்த்தாள், மறு கண்ணால் ஏணியைப் பார்த்தாள்.

"ஏணி அஞ்சுன்னா தரை மூணு" என்று பாடினாள்.

கடைசிக்காரி டேனம்மா. அவளுக்கு ஏணியே கண்ணில் படாது. ஒரு கண் தூணில், ஒரு கண் தரையில்.

"தரை மூணுன்னா தூண் நாலு" என்று பாடினாள்.

"அஞ்சு என்னம்மா? அஞ்சு முழமா, அஞ்சு பனையா?" என்றாள் பேச்சி.

மைனாக்களுக்கு அதெல்லாம் தெரியாது. மறுபடியும் அதையேதான் பாடின. மரத்தடியிலிருந்து முக்கோணன், "அதுகளுக்குப் பைத்தியம். நாள் பூரா இதேதான்" என்றான். வடிவுக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

பேச்சிக்குத் தாகம் எடுத்தது. வடிவு அவளைக் கூட்டிக்கொண்டு தூரத்துக் குளக்கரைக்குப் போனாள். மைனாக்களும் கூடவே பறந்தன. குளக்கரையில் இருந்து தூணைத் திரும்பிப் பார்த்தபோது கழுத்து அவ்வளவாக நிமிர வேண்டியிருக்கவில்லை. அங்கே மைனாக்கள் வேறு மாதிரி பாடின.

"ஏணி அஞ்சுன்னா தூண் மூணு."

"ஏணி அஞ்சுன்னா தரை நாலு."

"தரை நாலுன்னா தூண் மூணு."

வடிவு நின்றுவிட்டாள். கோட்டுக்குத் திரும்பி ஓடிவந்து தலை வைத்துப் பார்த்தாள். பாட்டு பழையபடி ஆனது. மறுபடி குளத்தை நோக்கி நடந்தாள், பாட்டு மாறியது.

இந்தச் சமயத்தில் பேச்சி, "அப்பா எவ்வளவு ஒசரத்துலம்மா இருக்காரு?" என்று கேட்டுவிட்டாள். தூண் கிடுகிடுவென்று இன்னும் ஒரு பனை வளர்ந்தது. கோடு நகர்ந்து சந்தைத் திடலின் ஓரத்துக்கே வந்துவிட்டது. மேலேயிருந்து சங்கிலியின் குரல் காற்றில் மெல்ல வந்தது: "பிள்ளை வாயைப் பொத்து வடிவு."

"உங்க வாயை யாரு பொத்தறது" என்று சொல்லிக்கொண்டே வடிவு புதுக் கோட்டில் தலை வைத்துப் படுத்தாள். தூண் பெரிசாகிவிட்டது. கோடு தள்ளிப் போய்விட்டது. ஆனால் கழுத்து? கழுத்து முன்னால் சாய்ந்த அதே சாய்வுதான். மைனாக்கள் பாடின. அதே பாட்டு. அஞ்சுக்கு நாலு, அஞ்சுக்கு மூணு, மூணுக்கு நாலு.

வடிவு எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பேச்சி, இது நம்ம மாவுடி."

"எந்த மாவு?"

"இட்லி மாவு. நாலுக்கு ஒண்ணு. அண்டாவா இருந்தா என்ன, கிண்ணமா இருந்தா என்ன. தூண் வளந்தா தரையும் வளருது, ஏணியும் வளருது. பங்கு அப்படியே இருக்கு. கழுத்து சாயற கோணம் மாறினாத்தான் பங்கு மாறும். இதுவரைக்கும் எல்லாரும் எவ்... அந்த வார்த்தையைக் கேட்டாங்க. இது எத்தனைக்கு எத்தனைன்னு கேக்க வேண்டிய தூண்."

ஆனாலும் வடிவு சும்மா நம்புகிறவள் இல்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினாள். ஒரே அளவாகத் துண்டு துண்டாகக் கிள்ளினாள். மூன்று துண்டு நீளத்துக்குத் தரையில் படுக்க வைத்தாள். நாலு துண்டு நீளத்துக்கு ஒரு ஈர்க்கை நேராக நட்டாள். அஞ்சு துண்டு நீளத்து ஈர்க்கை அதன்மேல் சாய்த்தாள். கச்சிதமாக முட்டியது. கோட்டில் அந்தக் குட்டி ஏணியின் அடியை வைத்து, அடியில் கண்ணை வைத்துப் பார்த்தாள். நட்ட ஈர்க்கின் நுனி, உச்சியில் நின்ற சங்கிலியின் குதிகாலைச் சரியாகத் தொட்டது. விரல் அளவு ஏணியும் வானத்து ஏணியும் ஒரே சாய்வு.

"சரி, மூணு பேர்ல யாரு எனக்கு உதவுவீங்க?" என்றாள்.

சைனம்மா முந்திக்கொண்டாள். "நான்தான் மூத்தவள். தூணைச் சொல்லு, ஏணியைச் சொல்றேன்."

"தூணைத்தான் சொல்ல முடியாதே தாயி. சொல்லத் தெரிஞ்சா உன்கிட்ட ஏன் வரப்போறேன்?"

டேனம்மா முன்னால் தத்தி வந்தாள். "தரையைக் குடு. தூண் உசரத்தைப் புட்டுப்புட்டு வைக்கிறேன்."

"வச்சா இந்த ஊர்ல யாராவது ஒருத்தர் அந்த வார்த்தையைக் கேட்டுப்புடுவாங்க. எனக்கு உசரமே வேண்டாம். ஏணிதான் வேணும்."

கோசைனம்மா தரையையும் ஏணியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவு அவள் தலையை ஒற்றை விரலால் தடவினாள். தரை தன்னிடம் இருக்கிறது, ஏணி தனக்கு வேண்டும், இரண்டையும் பார்க்கிறவள் இவள்தான் என்று வடிவுக்குப் புரிந்துவிட்டது.

கோட்டிலிருந்து தூணின் அடி வரைக்கும் ஒரு தேங்காய்நார்க் கயிற்றைத் தரையோடு தரையாக இழுத்தாள். முழம் போடவில்லை, எண்ணவில்லை. இழுத்த கயிற்றை மூன்றாக மடித்தாள். ஒரு மடிப்பு ஒரு பங்கு. அப்படி அஞ்சு மடிப்பு நீளத்துக்கு ஏணி.

"மூங்கிலைக் கொண்டாங்க" என்றாள்.

ஊரே மூங்கில் சுமந்தது. சங்கிலி போடுகிற முடிச்சு எல்லாம் வடிவுக்குத் தெரியும், கல்யாணமான புதிதில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ ஏணி கட்டியிருக்கிறாள். சிவனணைஞ்சாள் கத்தரிக்காய்க் கூடையைப் போட்டுவிட்டுக் கயிறு திரித்தாள். தேர் தெற்கு வீதியைத் தாண்டியது.

ஏணி முக்கால்வாசி ஆனபோது வெளியூர் வளையல்காரர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். விஷயம் தெரியாத மனுஷர். "அடேயப்பா, இந்தத் தூண் எவ்வளவு உயரம்?" என்றார்.

தூண் வளர்ந்தது. கோடு நகர்ந்தது. கூட்டம் தலையில் கை வைத்தது. முக்கோணன் மரத்தடியில் புரண்டு புரண்டு சிரித்தான்.

வடிவு தலையில் கை வைக்கவில்லை. மறுபடியும் கயிற்றை இழுத்தாள், மூன்றாக மடித்தாள், அஞ்சு மடிப்பு. "ஏழு பேருக்குன்னு ஆட்டினா பத்து பேர் வந்து நிப்பாங்க. அதுக்காக அடுப்பையா அணைப்போம்? இன்னும் கொஞ்சம் மூங்கில் கொண்டாங்க" என்றாள். வளையல்காரரையும் மூங்கில் பிடிக்க வைத்தாள்.

தேர் மேற்கு வீதியில் திரும்பியபோது ஏணி தயார். கோயில் யானை ஒரு பக்கம் தூக்க, ஊர் ஆட்கள் கயிறு கட்டி இழுக்க, ஏணி மெல்ல மெல்ல எழுந்தது. அடி கோட்டில் நின்றது. நுனி வானத்தில் ஆடி ஆடிப் போய்த் தூணின் விளிம்பில் பட்டது. ஒரு விரல் குறையவில்லை. ஒரு விரல் மிஞ்சவில்லை.

பேச்சி வாயைத் திறந்தாள். என்ன கேட்கப் போகிறாள் என்று வடிவுக்குத் தெரியும். முழு இட்லியை அந்த வாயில் வைத்துவிட்டாள்.

ஆனால் வேறொரு வாய் திறந்துவிட்டது. முக்கோணன் குதித்து எழுந்து ஓடிவந்தான். "குருட்டு அதிர்ஷ்டம். இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அளவு தெரியாமல் எவளாவது ஏணி கட்டுவாளா? சொல், என் தூணின் உயரம் எவ்வளவு?"

கேட்டுவிட்டான். தூண் குலுங்கத் தொடங்கியது. ஏணியின் நுனி நடுங்கியது. மேலே ஏணியில் ஒரு காலை வைத்திருந்த சங்கிலி, "வடிவு" என்று கூப்பிட்டான். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

வடிவு தூணின் பக்கத்தில் போனாள். முரண்டு பிடிக்கிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி அதைத் தட்டிக்கொடுத்துச் சொன்னாள்:

"ஏணி அஞ்சுன்னா நீ நாலு. ஏணி அஞ்சுன்னா தரை மூணு. தரை மூணுன்னா நீ நாலு. அவ்வளவுதான்."

குலுங்கல் நின்றது.

"அவ்வளவுதானா?" என்றது தூண். கல்லுக்குள்ளிருந்து வந்த கரகரத்த குரல்.

"அவ்வளவுதான்."

"நன்றி தாயே. எல்லாரும் எவ்வளவு, எவ்வளவு என்று கேட்டார்களே தவிர, ஒருத்தரும் அவ்வளவுதான் என்று சொல்லவில்லை. நானும் சொல்வார்கள் சொல்வார்கள் என்று வளர்ந்துகொண்டே இருந்தேன். முதுகு விட்டுப்போச்சு."

சங்கிலி ஏணியில் இறங்கினான். ஒவ்வொரு படியாக இறங்கி, கால் தரையில் பட்டதும் பேச்சியைத் தூக்கிக்கொண்டான். அப்புறம் தூண் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. பனை உயரம், ஆள் உயரம், முழங்கால் உயரம் என்று குறுகிக் குறுகி, நடுவில் குழி விழுந்து, அழகான ஒரு ஆட்டுக்கல்லாகிவிட்டது. முக்கோணனின் தொப்பியில் மூன்று மூலையும் மழுங்கிப் போய், அது கவிழ்த்த சட்டி மாதிரி ஆனது. அதோடு அவன் மந்திரமும் போயிற்று.

தொப்பி மழுங்கிய கணத்தில் மூன்று மைனாக்களும் சிறகை உதறின. சிறகு உதிர்ந்த இடத்தில் மூன்று பெண்கள் நின்றார்கள். தேரோடு அப்போதுதான் நிலைக்கு வந்து சேர்ந்த ராஜா அவர்களைப் பார்த்தார். தேர்வடத்தை அப்படியே கீழே போட்டார். மூத்தவள்தான் ஓடிப்போய், "அப்பா, நாங்கதான்" என்றாள். தோட்டத்தில் பூப்பறித்தபோது இந்த முக்கோணன் கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னதற்காக மைனாவாக்கப்பட்ட பெண்கள் அவர்கள். அன்றைக்குத்தான் அந்த ராஜா சிரித்து ஊர் பார்த்தது.

சிரித்த சிரிப்பில் வடிவைப் பார்த்து, "அம்மா, உனக்கு எவ்வளவு..." என்று ஆரம்பித்தார். மொத்தச் சந்தையும் குனிந்து காதைப் பொத்திக்கொண்டது. ஒன்றும் வளரவில்லை. ஆட்டுக்கல் ஆட்டுக்கல்லாகவே இருந்தது.

வடிவு யோசித்தாள். "இந்தக் கல்லு எனக்கு வேணுங்க ராஜா. மாவாட்ட ஒரு ஆளும் வேணும்" என்றாள். கண்ணால் காட்டிய இடத்தில், கவிழ்த்த சட்டித் தொப்பியோடு முக்கோணன் நின்றுகொண்டிருந்தான். இட்லி வரிசையில், கடைசியில்.

அன்றிலிருந்து அவன்தான் மாவாட்டினான். முதலில் முணுமுணுத்துக்கொண்டு ஆட்டினான். பிறகு நாலுக்கு ஒண்ணு என்று பாடிக்கொண்டே ஆட்டினான். வேளாவேளைக்குச் சூடான இட்லி கிடைத்ததில் அவன் கன்னம் உப்பிப்போனது. மந்திரவாதியாக இருந்தபோது ஒரு நாளும் வயிறு நிறையச் சாப்பிட்டதில்லை என்று சிவனணைஞ்சாளிடம் சொன்னானாம்.

ராஜகுமாரிகள் மூன்று பேரும் வாரச் சந்தை தவறாமல் இட்லிக்கு வந்தார்கள், வரிசையில் நின்றுதான். சங்கிலியும் மாறிவிட்டான். யாராவது ஏணி கேட்டு வந்தால், மீசையை விட்டுவிட்டு, "சுவர்லேர்ந்து எவ்வளவு தள்ளி வைப்பீங்க, எம்புட்டு சாய்வு வேணும்?" என்று கேட்டுக்கொள்வான்.

உங்கள் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சைன், கோசைன், டேன் என்று முகத்தைச் சுளித்தால், இந்த மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒருத்தி தூணையும் ஏணியையும் பார்ப்பாள், ஒருத்தி தரையையும் ஏணியையும் பார்ப்பாள், ஒருத்தி தூணையும் தரையையும் பார்ப்பாள். கையில் இருப்பது எது, வேண்டியது எது என்று பார்த்து, அந்த இரண்டையும் பார்க்கிறவளைக் கேட்டால் போதும்.

இன்னும் எவ்வளவு இருக்கிறது கதை என்று பேச்சி மாதிரி கேட்கிறீர்களா? இட்லி ஆறுகிறது, எழுந்து வாருங்கள். அவ்வளவுதான்.